ஜெயித்த அணி எங்கே? அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவருக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

2019 மார்ச் 9, சனிக்கிழமை. அந்த ஒரு நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் சொல்ல வந்த குறை அத்தனையும் அந்தச் சாயங்காலத்தில்தான் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது.

வ.உ.சி. பூங்காவை ஒட்டிய கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். பெயரில் சென்னை இருந்தாலும் எங்கள் ஊரில் ஆடிய சென்னை சிட்டி அணிக்கும் மினர்வா பஞ்சாப் அணிக்கும் தேசிய லீகான ஐ-லீகின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பட்டம் எங்களுக்கு. தடுமாறினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. என் முழங்கையைப் பிடித்தவன் இடைவேளை வரை விடவில்லை. பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், கையில் வறுகடலைப் பொட்டலம். "கோழிக்கோட்டுல என்னாச்சுங் தம்பி?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் என் போனை எட்டிப் பார்த்தார். இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியை உள்ளே அடித்தார். அப்புறம் கௌரவ் போரா. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் மறுபடியும் போரா. மூன்றுக்கு ஒன்று. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. ஆனாலும் நாங்கள் 43 புள்ளி, அவர்கள் 42. பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கடலைப் பொட்டலம் கீழே விழுந்து படியெல்லாம் சிதறியது. அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் மகன் கேட்டான்: "அப்பா, இனிமே நம்ம டீம் மேல ஐ.எஸ்.எல்.லுக்குப் போயிரும்ல?"

இல்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். போத்தனூர் வரும் வரைக்கும் விளக்கிப் பார்த்தேன். இந்தியாவில் ஐ-லீக், ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் என்று இரண்டு லீக் இருக்கிறது, ஒன்றில் ஜெயித்தால் மற்றதற்குப் போக முடியாது, அந்த மற்றதில் கடைசியாக வந்தாலும் கீழே இறங்க வேண்டியதில்லை. பதினொரு வயதுப் பையனுக்குப் புரியும்படி இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்று அவனுக்குப் பதினெட்டு. இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்களுக்கு ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நீங்கள் மறுபடியும் லீகைக் கலைத்து அடுக்கும் இடத்தில் நிற்கிறீர்கள். 2010 டிசம்பரில் ரிலையன்ஸ்-ஐ.எம்.ஜி. நிறுவனத்தோடு போட்ட 700 கோடி ரூபாய், பதினைந்து வருட வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. முடியும் முன்பே அடுத்தது என்ன என்று பேசி வைத்திருக்க வேண்டும். பேசாததால் 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்பட்டது. பெங்களூரு அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது, எங்கள் மாநிலத்துச் சென்னையின் எஃப்.சி. அணியும் தன் வேலைகளை நிறுத்தி வைத்தது. வணிக உரிமைக்கு நீங்கள் விட்ட டெண்டருக்கு நவம்பரில் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், மத்திய அமைச்சர் தலையிட்டு, 2026 பிப்ரவரி 14 அன்று சுருக்கப்பட்ட ஒரு சீசன் தொடங்கியது. இனி வரும் லீக் எப்படி இருக்க வேண்டும், எத்தனை அணி, யார் மேலே, யார் கீழே என்பதெல்லாம் இப்போது உங்கள் மேசையில். அந்த மேசையில் ரசிகர்களின் ஞாபகமும் கொஞ்சம் இருக்கட்டும் என்றுதான் இந்த மடல்.

எனக்கு ஞாபகம் என் அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கிறது. அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1996ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது, நம் ஊரிலும் நாடு முழுக்க ஆடும் ஒரு லீக் வந்துவிட்டதே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அணி அதில் ஆடியது. வங்கி வேலையும் பந்தும் ஒன்றாகப் பார்த்த ஆட்டக்காரர்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அது பெரிய கனவு: நன்றாக ஆடினால் வங்கியில் வேலை, தேசிய லீகில் இடம். அப்பா செய்தித்தாளில் வரும் புள்ளிப்பட்டியலை வெட்டி, ரயில்வே டைரியில் பசை தடவி ஒட்டி வைப்பார். முதல் பட்டத்தை ஜே.சி.டி. ஜெயித்தது, பஞ்சாப்பின் பக்வாரா ஊர் ஆலையின் அணி. அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது, பசை காய்ந்து பழுப்பாகி.

அந்த டைரியைப் புரட்டினால் பாதி அணிகள் இன்று கிடையாது. தென்னிந்தியாவின் பெருமையாக 1997ல் வந்த எஃப்.சி. கொச்சின், வந்த வருடமே டூரண்ட் கோப்பையை ஜெயித்தது, சில வருடங்களிலேயே மூடப்பட்டது. 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் 2010ல் கலைக்கப்பட்டது. முதல் சாம்பியன் ஜே.சி.டி. 2011ல் கலைந்தது. யாரும் பார்க்காத லீகில் காசு போட்டு என்ன பயன் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். 2007ல் தேசிய லீகை எடுத்துவிட்டு ஐ-லீக் என்று புதுப் பெயர் வைத்தபோது, இனி தொழில்முறைக் கால்பந்து என்று சொல்லப்பட்டது. நாங்கள் நம்பினோம். அப்பா புதிதாக ஒரு டைரி வாங்கினார்.

2014ல் ஐ.எஸ்.எல். வந்தது. வெளிநாட்டு நட்சத்திரங்கள், வாணவேடிக்கை, டிவியில் தினமும். எனக்கு அதில் கோபம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை நேரு ஸ்டேடியம் நிரம்பி வழிந்ததைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டவன். கோபம் அதற்குப் பிறகு நடந்தவற்றில்தான். 2016ல் ஐ.எஸ்.எல். மேல் லீக், ஐ-லீக் இரண்டாம் அடுக்கு என்று ஒரு திட்டத்தை நீங்கள் முன்வைத்தீர்கள். களத்தில் எந்த அணியும் எந்த அணியையும் தோற்கடித்து வந்த முடிவு இல்லை அது. கோவாவின் சல்காவ்கர், ஸ்போர்ட்டிங், டெம்போ மூன்றும் ஐ-லீகை விட்டு விலகின. இதில் டெம்போவின் கதையை மட்டும் சற்று நின்று பாருங்கள். ஐந்து முறை தேசிய சாம்பியன். 2014-15ல் கீழே இறங்கியது. முணுமுணுக்காமல் இரண்டாம் டிவிஷனில் ஆடி, 2015-16ல் அதை ஜெயித்து, மேலே வரும் உரிமையைக் களத்தில் சம்பாதித்தது. அப்படிச் சம்பாதித்த இடத்துக்கு மதிப்பே இல்லாமல் போகப்போகிறது என்று தெரிந்ததும் விலகியது. அந்த அணி மறுபடி ஐ-லீகில் ஆடியது 2024-25ல்தான். இடையில் ஒரு தலைமுறை கோவா பையன்கள் வளர்ந்து முடித்துவிட்டார்கள்.

அந்த விலகலால் காலியான இடத்தில்தான், கீழே இறங்கியிருந்த ஐஸ்வால் அணியைத் திரும்பச் சேர்த்தீர்கள். அடுத்த வருடமே, 2016-17ல், மிசோரத்திலிருந்து வந்த அந்தச் சின்ன அணி இந்தியாவின் சாம்பியன் ஆனது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் மிசோக்காரர்கள்தான். ஆனால் அடுத்த சீசனில் மேல் லீகில் புதிதாக இடம் கிடைத்தது ஐஸ்வாலுக்கு இல்லை, ஏலத்தில் உரிமை வாங்கிய இரண்டு அணிகளுக்கு. பெங்களூருவும் ஜாம்ஷெட்பூரும் நல்ல அணிகள், அவர்களைக் குறை சொல்லவில்லை. சாம்பியன் வெளியே நின்றது என்பதைத்தான் சொல்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து அதே வாசலில் நாங்கள் நின்றோம்.

சென்னை சிட்டி அணி அந்த சீசனில் எப்படி ஆடியது என்று உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். மான்சி மட்டும் 21 கோல். சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பந்தைத் தரையில் வைத்து ஆடச் சொல்லிக்கொடுத்தார். தமிழ்நாட்டுப் பையன்கள் எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் எல்லாரும் அந்த அணியில் இருந்தார்கள். சீசன் நடுவிலேயே, டிசம்பருக்கு அப்புறம், ஐ-லீகின் எல்லா ஆட்டங்களையும் டிவியில் காட்டுவதை நிறுத்தி, சிலதை மட்டும் காட்டினார்கள். வீட்டிலிருந்த என் அப்பா பட்டத்துக்குப் போட்டி போடும் சொந்த மாநில அணியின் சில ஆட்டங்களை என் போன் அழைப்பில் மட்டும்தான் கேட்டார். கேலரியில் நின்று நான் வர்ணனை சொல்வேன். "இடது பக்கம் போகுதுப்பா, கிராஸ் போட்டாச்சு" என்று. பட்டத்துக்குப் பிறகு, இரண்டு லீக் அணிகளும் ஆடும் சூப்பர் கோப்பையில் அதே அணி, ஐ.எஸ்.எல். சாம்பியனாக இருந்த பெங்களூருவைக் காலிறுதியில் தோற்கடித்தது. மேல் லீகில் ஆடத் தகுதி உண்டா இல்லையா என்று இதற்கு மேல் எப்படிக் காட்ட?

2019 அக்டோபரில் வியட்நாமின் டா நாங்கில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு ரோடுமேப்புக்கு ஒப்புதல் தந்தது. ஐ.எஸ்.எல்.தான் இனி முதல் அடுக்கு. ஐ-லீக் சாம்பியன் மேலே போவது 2022-23 சீசனிலிருந்து. இறக்கமும் ஏற்றமும் முழுமையாக 2024-25லிருந்து. அதாவது, எங்கள் பட்டத்துக்கு எதுவும் இல்லை. மூன்று வருடம் பொறுத்திருந்து மறுபடி ஜெயித்தால் பார்க்கலாம் என்பதுதான் அர்த்தம். ஒரு சின்ன கிளப்பால் அத்தனை வருடம் மூச்சுப் பிடித்து நிற்க முடியுமா? ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மான்சி ஜப்பானுக்குப் போனார். அப்புறம் கொரோனா. 2020-21 சீசன் முழுக்கக் கொல்கத்தாப் பக்கம் காலி ஸ்டேடியங்களில் நடந்தது. 2021-22ல் சென்னை சிட்டி லீகிலேயே இல்லை. லைசென்ஸ் விதிகளை நிறைவேற்றவில்லை என்பது காரணம். கிளப் நிர்வாகத்தின் பக்கம் தவறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இந்தியாவின் சாம்பியன் ஒன்று இரண்டே வருடத்தில் லீக் வரைபடத்திலிருந்து அழிந்து போனபோது, அது ஏன் நடந்தது, அடுத்த ஊரில் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஊர்க்காரர்களுக்கு யாராவது விளக்கினார்களா என்பதுதான் என் கேள்வி. 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்தக் கேலரியில் உட்கார்ந்து நான் ஒரு லீக் ஆட்டம்கூடப் பார்க்கவில்லை.

ஐ-லீக் அணிகள்தான் ஏழை, ஐ.எஸ்.எல். பக்கம் எல்லாம் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. புனே சிட்டி 2019ல் கலைந்து அந்த உரிமை ஹைதராபாத் போனது. அதே வருடம் டெல்லி அணி ஒடிஷாவுக்குப் போனது. 2022 மார்ச்சில் கோவாவின் ஃபட்டோர்டாவில் கேரளா பிளாஸ்டர்ஸைப் பெனால்டியில் தோற்கடித்துச் சாம்பியன் ஆன ஹைதராபாத், இரண்டே சீசனில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிலைக்கு வந்து கடைசி இடத்தில் முடித்தது. 2025ல் அந்த உரிமை டெல்லிக்குப் போய் வேறு பெயரில் ஆடுகிறது. ஹைதராபாதில் அந்த மஞ்சள் ஜெர்ஸியை மடித்து வைத்திருக்கும் ரசிகன் இனி எந்த அணிக்குக் கை தட்டுவான்? ரேஷன் கார்டு மாதிரி முகவரி மாற்றிக்கொள்ளும் பொருளா ஓர் ஊரின் அணி?

ஏற்றம் ஒருவழியாக வந்தது, அதை மறுக்கவில்லை. 2022-23ல் பஞ்சாப், 2023-24ல் முகமதன் ஸ்போர்ட்டிங். பஞ்சாப் மேலே போன அன்று இங்கே நாங்கள் நாலு பேர் டீக்கடையில் சந்தித்துப் பேசிக்கொண்டோம், "நாம ஜெயிச்சது நாலு வருஷம் முன்னாடியாப் போச்சே" என்று. ஆனால் இறக்கம் வரவில்லை. 2024-25 வரை பதினொரு சீசன், ஓர் அணிகூடக் களத்தில் தோற்றதற்காக ஐ.எஸ்.எல்.லிலிருந்து கீழே இறங்கவில்லை. ரோடுமேப்பில் எழுதியிருந்த வருடமும் வந்து போயிற்று. கீழ் லீகிலோ இறக்கம் இருக்கும், ஆனால் நிலையாக இருக்காது. 2018ல் கீழே இறங்கிய கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் திரும்பச் சேர்க்கப்பட்டது, 2021ல் நெரோக்கா திரும்பச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். சீசன் முடிந்த பிறகு கண்டுபிடிக்கிற காரணம் என்பதுதான் உறுத்துகிறது.

2024-25 ஐ-லீகோ எல்லாவற்றுக்கும் மேல். கடைசி ஆட்டம் ஏப்ரல் 6. யார் சாம்பியன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நாம்தாரி அணி இன்டர் காசிக்கு எதிராகத் தகுதியில்லாத ஓர் ஆட்டக்காரரை இறக்கியது பற்றிய வழக்கு முடியவில்லை. உங்கள் மேல்முறையீட்டுக் குழு சர்ச்சிலைச் சாம்பியன் என்றது. கோப்பையும் கொடுக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் ஜூலை 18 அன்று அதை மாற்றி வாரணாசியின் இன்டர் காசியைச் சாம்பியன் என்று சொல்லிவிட்டது. கோவாவில் கொண்டாடியவர்கள் கொண்டாட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வாரணாசியில் அழுதவர்கள் மூன்று மாதம் கழித்துச் சிரிக்க வேண்டும். யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. நான் கேட்பது, சீசன் நடுவில் நடந்த ஒரு விஷயத்தைச் சீசன் முடியும் முன்னால் தீர்க்க ஏன் முடியவில்லை?

இந்தப் பெரிய கதைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருப் பையன், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். வேறு மாநிலத்து கிளப் ஒன்றுக்கு ஆடப் போனான். கிளப்பின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், இன்னும் பாக்கி வர வேண்டியிருக்கிறதாம். நாலு மாதம் சம்பளம் வரவில்லை. "அடுத்த வாரம் போட்டுவிடுவோம்" என்று வந்த வாட்ஸ்அப் செய்திகளை என்னிடம் காட்டினான், திங்கட்கிழமை திங்கட்கிழமையாக ஒரே வாக்கியம். தங்கியிருந்த அறைக்கு வாடகை கட்டாததால் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். அவன் அம்மா கம்மலை அடகு வைத்து ரயில் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினார். போத்தனூர் ஜங்ஷனில் அவன் இறங்கும்போது நான்தான் கூட்டி வரப் போனேன். தோளில் ஒரு பை, கையில் பாலித்தீன் கவரில் பூட்ஸ். ஒரு பூட்ஸின் அடிப்பாகம் பிய்ந்து, செருப்புத் தைக்கும் கறுப்பு நூலால் அவனே தைத்திருந்தான். அந்த நூலோடு மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறான். இப்போது காலையில் டெலிவரி வேலை, சாயங்காலம் ரயில்வே கிரவுண்டில் சின்னப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான். அந்தப் பையன்களில் ஒருவனாவது ஆட்டக்காரனாகத்தான் ஆவேன் என்று சொன்னால், என்ன பதில் சொல்வது என்று அவனுக்கே தெரியவில்லை.

ரசிகர்களுக்கு உணர்ச்சி மட்டும்தான் உண்டு, நிர்வாகம் தெரியாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. மோகன் பகான் ரசிகர்களைப் பாருங்கள். 1889ல் தொடங்கிய கிளப்பின் பெயருக்கு முன்னால் 2020ல் ஏ.டி.கே. என்ற வேறோர் அணியின் பெயர் ஒட்டப்பட்டபோது அவர்கள் மூன்று வருடம் விடாமல் போராடினார்கள். 2023ல் அந்த முன்னொட்டு நீக்கப்பட்டது. எது சரி என்று ரசிகர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருந்தது. இங்கிலாந்தில் 2019ல் பரி என்ற பழைய கிளப் கடனில் மூழ்கி லீகிலிருந்து நீக்கப்பட்டது. அதிலிருந்து கிளம்பிய விவாதம் 2025ல் சட்டமாகவே முடிந்தது. கிளப்புகளின் பணநிலையைக் கண்காணிக்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பும், பெயர், நிறம், ஊர் போன்றவற்றில் ரசிகர்களின் பேச்சுக்கு இடமும் அதில் உண்டு. நூற்றாண்டு கடந்த லீகுக்கே அது தேவைப்பட்டது என்றால், முப்பது வருடத்தில் மூன்று முறை அடுக்கு மாற்றிய நமக்குத் தேவையில்லையா?

சரி, எங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்னால், யார் மேலே போவார், யார் கீழே இறங்குவார், எத்தனை அணி என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். குறைந்தது ஐந்து சீசனுக்கு. முதல் விசில் ஊதிய பிறகு அதில் ஒரு வரிகூட மாறக் கூடாது. ஓர் அணி விலகினாலோ லைசென்ஸ் இழந்தாலோ அந்த இடம் யாருக்குப் போகும் என்ற வரிசையும் முன்கூட்டியே அதில் இருக்க வேண்டும். இறக்கம் மேல் லீகுக்கும் பொருந்த வேண்டும். பணம் கட்டி வந்தவர்களுக்கு விலக்கு என்றால் அதை லீக் என்று சொல்லாதீர்கள்.

லைசென்ஸ் சோதனையைச் சீசன் தொடங்கும் வாரத்தில் வைக்காதீர்கள். மூன்று மாதம் முன்னால் முடித்து, எந்தக் கிளப் எதில் குறை என்று வெளிப்படையாகப் போடுங்கள். கெட்ட செய்தி என்றாலும் ஊருக்குத் தெரிந்தால் நாலு பேர் உதவ வருவார்கள். ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்டக்காரர்கள், ஊழியர்களின் மூன்று மாதச் சம்பளத்தை உங்களிடம் வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும். சம்பளம் தவறினால் அதிலிருந்து நேராக ஆட்டக்காரனின் கணக்குக்குப் போக வேண்டும். எங்கள் தெருப் பையனின் அம்மா கம்மலை இன்னும் மீட்கவில்லை.

தகுதி பற்றிய புகார்கள் எதுவானாலும், மேல்முறையீடு உட்பட, முப்பது நாளில் உங்கள் அளவில் முடிய வேண்டும். முடியாத வழக்கு இருக்கும்போது கோப்பையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒரு கிளப் ஊர் மாற வேண்டுமென்றால் அந்த ஊர் ரசிகர்களை அழைத்து, முகத்துக்கு நேரே காரணம் சொல்லிவிட்டு மாறட்டும். பட்டங்களும் வரலாறும் பழைய ஊரின் பெயரிலேயே பதிவில் இருக்கட்டும். ஒரு கிளப் கலைந்து போனால், ரசிகர்களும் உள்ளூர் ஆட்டக்காரர்களும் சேர்ந்து புதிதாகத் தொடங்கும் அணிக்கு மாநில லீகின் கீழ் டிவிஷனில் ஓர் இடம் தர விதி எழுதுங்கள். அங்கிருந்து ஆடி மேலே வந்துகொள்கிறோம். இதைத் தமிழ்நாட்டுச் சங்கத்தோடு பேசி கோயம்புத்தூரிலிருந்தே தொடங்கலாம். பையன்கள் இருக்கிறார்கள், கிரவுண்ட் இருக்கிறது.

லீக் அமைப்பை முடிவு செய்யும் குழுவில் ரசிகர்களுக்கு, வாக்களிக்கும் உரிமையோடு, இரண்டு இடம் வேண்டும். ஒன்று மேல் லீக் ஊர்களுக்கு. மற்றது ஐஸ்வால், பக்வாரா, கோயம்புத்தூர் போல ஜெயித்தும் இழந்த ஊர்களுக்கு.

இதற்கு உங்கள் பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். அடுத்த சீசன் ஆட்ட அட்டவணை வெளிவரும் முன், எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் முடியும், முடியாது என்று எழுதுங்கள். முடியாது என்றால் ஏன் என்றும் எழுதுங்கள். என் மகனுக்கு ஏழு வருடம் முன்னால் பஸ்ஸில் சொல்லத் தெரியாத பதிலை நீங்கள் அச்சில் தாருங்கள். அப்பாவின் டைரியில் பக்கம் மிச்சம் இருக்கிறது, வெட்டி ஒட்டிக்கொள்கிறேன்.

போத்தனூரிலிருந்து,
கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியக் கேலரி ரசிகன் ஒருவன்